எடைக்குப் போகும் மழைக் கணக்கு

எங்கள் வட்டாரத்தின் மழைப் பதிவுகளுக்குப் பொறுப்பு வகிக்கும் அலுவலர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பதினொரு கட்டுகளைப் பார்த்தேன். மேல் கட்டின் அட்டையில் சாக்பீஸால் ‘எடை’ என்று எழுதியிருந்தது. கட்டுக்குள் இருந்தவை மழைப் பதிவேடுகள். விசாரித்தபோது ஊழியர் ஒருவர் சுற்றறிக்கையின் நகலைக் காட்டினார். பின்கட்டில் உள்ள கைமுறை மழைமானி அகற்றப்படும். புதிய கட்டடத்தின் மொட்டைமாடியில் தானியங்கி மழைமானி வைக்கப்படும். பத்தாண்டுகளுக்கு முந்தைய பதிவேடுகள் நடைமுறைத் தேவைக்கு உரியன அல்ல என்பதால் கழித்துவிடலாம். கண்மாய், ஊருணிச் சீரமைப்பு வேலைகளுக்கு இனிக் கடந்த பத்தாண்டுச் சராசரியே அடிப்படை. இந்த நான்கில் தானியங்கி மானியை மட்டும் நான் வரவேற்கிறேன். மற்ற மூன்றையும் ஏற்க முடியாது என்பதைத் தங்களுக்கு நேராகவும் ஊரறியவும் சொல்லவே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அந்தக் கட்டுகளில் உள்ள எழுத்தில் ஒரு பங்கு என் தகப்பனாருடையது. பள்ளி ஆசிரியராக இருந்த அவர் 24 ஆண்டுகள் அந்த மானியைப் பார்த்தார். அவருக்குப் பின் 29 ஆண்டுகள் நான் பார்த்தேன். எங்களுக்கு முந்தையவர்கள் எழுதியவை இன்னும் பழையவை; அங்குலத்திலும், அதன் நூறில் ஒரு பங்கான சென்டிலும் மழையைக் குறித்த ஏடுகள் அவை. கொடுத்த மதிப்பூதியம் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காணும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. காசுக்காகச் செய்த வேலை அல்ல என்பதற்காகவே சொல்கிறேன்.

காலை எட்டரை மணிக்கு மானியைப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை பெய்ததே ஒரு நாள் மழை. நாடு முழுவதும் இந்த ஒரே கணக்குத்தான். புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் குடுவை நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, அதைச் சமதளத்தில் வைத்துக் குனிந்து, நீரின் மேற்பரப்பில் நடுவே குழிந்து நிற்கும் கோட்டைக் கண்மட்டத்தில் படிக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் அளவு தப்பும். புனலின் கழுத்தில் எறும்பு புற்று வைத்திருக்கும், வேப்பம்பூ அடைத்திருக்கும். மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி மானி நிற்க வேண்டும். அடுத்த வீட்டு முருங்கை அந்த எல்லைக்குள் வளர்ந்தபோது என் தகப்பனார் கிளையை வெட்டக் கேட்டு, இரண்டு குடும்பத்துக்கும் ஓராண்டு பேச்சே இல்லாமல் போனது. ‘மழைக்குச் சண்டை போட்ட வாத்தியார்’ என்று ஊரில் சிரித்தார்கள். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி தள்ளி ஒரு மானியை வைக்கலாம் என்று இன்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழை இல்லாத நாளுக்குச் சுழியம். தரையை நனைத்து, அளக்க வராமல் போனால் அதற்குத் தனிக் குறி. மானியைப் பார்க்கவே முடியாத நாளுக்குச் சிறு கோடு. தகப்பனார் மஞ்சள் காமாலையில் கிடந்த பதினேழு நாள்களுக்கும் கோடுதான் இருக்கிறது. அம்மாவோ நானோ போய்ப் பார்த்திருக்கலாமே என்று பின்னாளில் கேட்டேன். “பழகாத கை ஊத்துன தண்ணியை நான் எப்படி மழைன்னு எழுதுறது?” என்றார். தங்கள் அலுவலகத்தில் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியவர்கள் அந்தக் கோடுகளை எல்லாம் சுழியமாக ஏற்றியிருக்கிறார்கள். கடந்த பத்தாண்டு அட்டவணையை நான் என் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற பின் ஆள் இல்லாமல் கிடந்த மாதங்களும் மழையே பெய்யாத மாதங்களாகக் காட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஐப்பசி. எங்கள் வட்டாரத்தில் ஐப்பசி முழுவதும் ஒரு துளி பெய்யவில்லை என்று ஓர் அட்டவணை சொன்னால், அதைப் படிப்பவருக்கே ஐயம் வந்திருக்க வேண்டாமா? எந்தப் பத்தாண்டுச் சராசரியை நம்பி ஊருணி வேலைக்கு மதிப்பீடு போடுகிறீர்களோ, அந்தச் சராசரியே ஓட்டைப் பாத்திரம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை விடிய விடியப் பெய்த மழையை முந்தைய நாள் வரியில் எழுதி, மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அடித்துத் திருத்தி, ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அடித்தலைப் பார்த்துத்தான் அது நம்பத்தக்க ஏடு என்று அறிய முடியும். கணினி அட்டவணையில் அடித்தல் இல்லை. ஆகவே மூல ஏட்டை எடைக்குப் போட்டுவிட்டால் எது மழை, எது கோடு, எது பிழை என்று சரிபார்க்க ஒரு வழியும் மிஞ்சாது.

இது அட்டவணைப் பிழையோடு நிற்பதாயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பத்தாண்டு போதும் என்ற நினைப்பே வானத்தின் நடையை அறியாத நினைப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் பேரோட்டத்தை அறிவியலார் கோடைக்காலச் சுழற்சி என்கிறார்கள். நமக்குக் கோடை என்றால் சித்திரை வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் கீழ்க்காற்றுக்குக் கொண்டல், வடகாற்றுக்கு வாடை, தென்காற்றுக்குத் தென்றல் என்று பெயரிட்ட தமிழ், மேல்காற்றுக்குக் கோடை என்றே பெயரிட்டிருக்கிறது. அந்தக் கோடைக்காற்றுதான் இது. தென் இந்தியப் பெருங்கடலில் புறப்பட்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தால் திருப்பப்பட்டு, சோமாலியக் கரையோரமாகத் தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் விரைந்து, அரபிக்கடலைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. அதற்கு வெகு மேலே, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், எதிர்த்திசையில் கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு காற்றாறு ஓடுகிறது. 1950களில் பி. கோட்டீசுவரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர் அடையாளம் காட்டிய அந்தக் காற்றாற்றின் தடம், சென்னையின் அட்சரேகையை ஒட்டியே கிடக்கிறது. கீழே மேல்காற்று, உச்சியில் கீழ்க்காற்று. இரண்டுக்கும் நடுவில்தான் நம் ஆடியும் ஆவணியும் கழிகின்றன.

மலை தன் பங்கு நீரைப் பிழிந்துகொண்டு, உலர்ந்த காற்றைத்தான் நம் பக்கம் அனுப்புகிறது. ஆடியில் செட்டிநாட்டு வீடுகளின் முகப்புக் கதவுகளை அறையும் காற்றில் செம்மண் புழுதி இருக்கும், ஈரம் இருக்காது. ஆனாலும் அந்த மாதங்களில் நமக்கு மழை உண்டு. பகலெல்லாம் தரை காய்ந்து, நான்கு மணிக்கு மேல் மேற்கே கறுத்து, இடியோடு ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும் மழை அது. ஒரு தெரு நனைந்திருக்க அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். தேவகோட்டையில் முற்றத்து அண்டா வழிய, காரைக்குடியில் துணி காயும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொரு மானியை வைத்து எங்கள் ஊரின் ஆவணி மழையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த மாலை மழையும் தன் விருப்பத்துக்கு வருவதில்லை. வட, மத்திய இந்தியாவின் மேல் நீண்டு கிடக்கும் தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கிவிட்டால், நாட்டின் நடுப்பகுதியில் மழை ஓய்ந்துபோகும்; அதே நாள்களில் தமிழகத்தில் இடிமழை கூடும். அங்கே மழை ஓய்ந்ததென்று வானொலி கவலையோடு சொல்லும் வாரங்களில் எங்கள் ஏட்டில் மாலை மழை அடுத்தடுத்து விழுந்திருப்பதைத் தகப்பனார் சுட்டிக் காட்டுவார். “அவுகளுக்கு இல்லேங்கிறப்பதான் நமக்கு வருது” என்பார். அவர் வானிலை படித்தவர் அல்ல. ஏட்டைப் படித்தவர். எல்லா ஆண்டும் அப்படி நடக்கவில்லை என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது.

இனி நீண்ட கணக்குக்கு வருகிறேன். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நாடெங்கும் பரவிய 306 மழைமானிகளின் பதிவுகளைக் கொண்டு 1871 முதல் இந்தியப் பருவமழைத் தொடர் ஒன்றைத் தொகுத்தது. அதில் மழை மிகக் குறைந்த ஆண்டுகளை மட்டும் பாருங்கள். 1899, 1901, 1904, 1905, 1911, 1918, 1920 என்று 22 ஆண்டுகளில் ஏழு. அதற்கடுத்த 44 ஆண்டுகளில் 1941, 1951 என இரண்டே இரண்டு. பிறகு 1965, 1966, 1968, 1972, 1974, 1979, 1982, 1985, 1986, 1987. இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, 1964ஆம் ஆண்டு முடிவில் தங்கள் நாற்காலியில் ஓர் அலுவலர் அமர்ந்திருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கடந்த பத்தாண்டைப் புரட்டியிருப்பார். ஒரு வறட்சிகூட இல்லை. இனி வறட்சிக்கென்று திட்டமிடத் தேவையில்லை என்று சுற்றறிக்கை எழுதியிருப்பார். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நாடு அடுத்தடுத்து இரண்டு வறட்சிகளைக் கண்டது. பீகாரில் பஞ்சம் வந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாம் ரேஷன் கடை வாசலில் நின்றோம்.

ஏன் இப்படி முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரு பக்கம் சாய்ந்து, பின் மறுபக்கம் சாய்கிறது? காற்றுக்கு நினைவு குறைவு. கடலுக்கு நினைவு அதிகம். பசிபிக் கடலின் வெப்பம் சில ஆண்டுகளுக்கொருமுறை எல் நினோவாக ஏறி இறங்குவது போக, அதே கடலிலும் அட்லாண்டிக்கிலும் பல பத்தாண்டுகள் நீளும் மெதுவான ஏற்ற இறக்கங்கள் உண்டு. அவை மேலிருக்கும் காற்றின் தடத்தைச் சற்றே நகர்த்துகின்றன. இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர், பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்ல வழி தேடிப் பல நாடுகளின் காற்றழுத்தப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான், பசிபிக்கின் ஒரு புறம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் அந்தத் தெற்கத்திய ஊசலாட்டம் பிடிபட்டது. அவருக்கு வேண்டியிருந்தவை பழைய ஏடுகள். யாரோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்த ஏடுகள்.

அந்த ஊசலாட்டத்தையும், அதோடு பிணைந்து நம் பருவமழையைக் குறைக்கும் போக்குள்ள எல் நினோவையும் மட்டும் நம்பியும் பயனில்லை. 1997இல் நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தது. பருவமழை இயல்பாகவே பெய்தது. 2002இல் அதைவிடச் சிறிய எல் நினோ வந்தது; ஜூலை மாத மழை நாட்டளவில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதன் மேல் மனிதர் கூட்டிய வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, 1951க்கும் 2015க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்ததாகவும், தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்ததாகவும் சொல்கிறது. ஓர் ஊரில் மழை குறைந்தால் அது திரும்பி வரப்போகும் ஊசலா, திரும்பாத சரிவா என்ற கேள்விக்கு விடை சொல்ல ஊசல் ஒரு முறையாவது முழுதாகப் போய் வரும் அளவுக்கு நீண்ட கணக்கு வேண்டும். பத்தாண்டுக் கணக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே உதவாது.

நாட்டுச் சராசரி இருக்கிறதே, அது போதாதா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். போதாது. எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை குறையும் போக்கு உண்டென்றால், அதே ஆண்டுகளில் நமக்கு முதன்மையான வடகிழக்குப் பருவமழை கூடும் போக்கு உண்டு. அவர்களின் வறட்சி நமக்கு வெள்ளமாகலாம். சராசரியைப் பற்றி இன்னொன்று. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பு சுமார் 44 செ.மீ. 2015இல் சுமார் 67 செ.மீ. பெய்தது, 2016இல் சுமார் 17 செ.மீ. இரண்டின் சராசரி 42. தங்கள் கணக்குப்படி இரண்டும் சேர்ந்து ‘இயல்பான’ மழை. அந்த 42ஐப் பார்த்த மனிதர் ஒருவரும் இல்லை. ஓராண்டு கண்மாயின் மிகைநீர் வழியும் கலுங்கு தாண்டி ஓடியதையும் மறு ஆண்டு கண்மாய் உள்வாயில் வெடிப்பு விழுந்து ஆடு மேய்ந்ததையும்தான் பார்த்தோம். கலுங்கின் உயரத்தை எதைக் கொண்டு முடிவு செய்வீர்கள்?

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கணக்கின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பர்மாவில் விட்டுவந்த நிலம் திரும்பாது என்று தெரிந்தும், அந்தப் பேரேடுகளை இன்னும் இரண்டாம் கட்டு அறையில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வரவு பற்றாமல் கிடந்த ஆண்டின் ஐந்தொகையை யாரும் கிழித்ததில்லை. என் ஆயா, முற்றத்து ஓட்டுத் தாழ்வாரத்தின் மூலையில் வைத்த பித்தளை அண்டா எத்தனை முறை வழிந்தது என்று கரியால் தூணில் கோடிட்டு வைத்திருந்தார். வெள்ளையடிக்கும்போதுகூட அந்த ஒரு சாணை விட்டு அடிக்கச் சொல்வார். ஊருணி வெட்டியவர்கள் ஒரு மழை பொய்த்தாலும் குடிநீர் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டே வெட்டினார்கள். அந்தக் கணக்கு பத்தாண்டு அனுபவத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தங்களிடம் நான் கேட்பவை இவை. பதினொரு கட்டுகளும் எடைக்குப் போவதை உடனே நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் வண்ணத்தில் படமெடுக்கப்பட்டு, அதன் படி புனேயில் உள்ள வானிலைத் துறையின் தேசியத் தரவு மையத்துக்கும், மூல ஏடுகள் ஆவணக் காப்புக்கும் போய்ச் சேரும்வரை அவை அலுவலகத்தை விட்டு வெளியேறக் கூடாது. கைமுறை மழைமானியை அதே இடத்தில் விட்டுவிடுங்கள். தானியங்கியை அதன் பக்கத்தில் தரையிலேயே நிறுவி, குறைந்தது மூன்று பருவங்களாவது இரண்டையும் சேர்த்து அளக்க ஏற்பாடு செய்யுங்கள். அப்போதுதான் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒன்றோடொன்று இணைக்க முடியும். ஆள் இல்லையென்றால் ஊதியமின்றி நான் வருகிறேன், எனக்குப் பின் பார்க்க ஓர் இளைஞரையும் பழக்கித் தருகிறேன். கணினி அட்டவணையில் சுழியமாக மாறிய கோடுகளை மூல ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தி, திருத்திய அட்டவணையை மக்கள் பார்வைக்கு வையுங்கள். கண்மாய், ஊருணி வேலைகளுக்குப் பத்தாண்டுச் சராசரி என்ற வரியை நீக்கி, ஏடு உள்ளவரைக்குமான முழுக் காலத்தையும், அதில் மிகக் குறைந்த, மிக மிகுந்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மாற்றி எழுதுங்கள். மேல்காற்று தொடங்குவதற்குள், அதாவது வைகாசி முடிவதற்குள், இவற்றுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இவற்றில் எதுவும் ஆகாது என்று முடிவெடுத்தால், எடைக்கு வண்டி வரும் நாளையாவது எனக்கு முன்கூட்டித் தெரிவியுங்கள். பழைய பேப்பர்க்காரர் தரும் விலையைக் கொடுத்து, உரிய அனுமதியோடு பதினொரு கட்டுகளையும் நானே எடுத்துக்கொள்கிறேன். ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
29 ஆண்டுகள் அந்த மானியைப் பார்த்தவன்,
காரைக்குடி வட்டாரம்